புதுப்பிப்பு: 3.2 செக்கனில் தெரிந்த அந்தக் கோடு

போன வாரம் கேட்டிருந்தேன்: பயிற்சிக்கு எடுத்த கடல் நில அதிர்வுத் தரவில் (கடலுக்குள் ஒலி அலை அனுப்பி, அது தெறித்துத் திரும்பும் நேரத்தைப் பதிந்தது) 3.2 செக்கனில் தடித்த கோடு ஒன்று, பாறை அடுக்கா, இல்லை திரும்பத் திரும்பத் தெறித்த அலை காட்டும் பேயா என்று. பேய்தான். கடலடி 1.6 செக்கனில் வருகிறது, அதாவது ஆழம் ஏறத்தாழ 1,200 மீற்றர். அலை கடலடிக்கு இரண்டு தரம் போய்வந்தால் சரியாக 3.2. பெருப்பித்துப் பார்த்தேன்: கடலடியில் கறுப்பாக இருந்த முகடு அங்கே வெள்ளை. நீர்மட்டத்தில் பட்டுத் தெறித்தால் அலை தலைகீழாகும்.

பிழை என்னுடையதுதான். தூரத்து உணரிகளுக்கு அலை பிந்தி வருவதால் கோடு வளையும்; அதை நேராக்க அலையின் வேகத்தைக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் அதைச் செக்கனுக்கு 1,500 மீற்றர் என்று குறித்திருந்தேன். அது தண்ணீரின் வேகம்! மல்டிபிளையே (அந்தப் பேயின் பெயர்) நேராக்கிக் கொடுத்துவிட்டு, வளைந்த கோடுகளைப் பிரித்தெடுக்கும் ராடோன் வடிகட்டி அதை நீக்கவில்லை என்று புலம்பியிருக்கிறேன். 2,100க்கு மாற்றியதும் மல்டிபிள் வளைந்து பிரிந்தது, வடிகட்டி வாரிக்கொண்டு போனது. கிட்டத்து ஹைட்ரோபோன்களில் (நீருக்குள் ஒலி கேட்கும் உணரிகள்) மட்டும் மிச்சம் இருக்கிறது. அங்கே வளைவு போதாது. சரி, அதற்கு எஸ்ஆர்எம்இ (நீர்மட்டத்தில் தெறித்த மல்டிபிளைத் தரவிலிருந்தே கணித்துக் கழிக்கும் முறை) ஓட்டுகிறேன். வெள்ளவத்தை வெக்கையில் மடிக்கணினி தோசைக்கல்லாகக் கொதிக்கிறது.

மன்னார்ப் படுகையா என்று கேட்ட தம்பிக்கு: இது அந்தத் தரவு இல்லை. ஆனால் 2011இல் எரிவாயு கண்ட அந்த இடமும் ஆழ்கடல்தான், போதாததற்கு எரிமலைப் பாறையும் உண்டு, ஆகவே அங்கேயும் இந்தப் பேய்த் தொல்லை வரலாம்.