சப் கோர்ட்டில் தோற்ற தட வழக்கு: ஹைகோர்ட் சாட்சியத்தை மறுபடி பார்க்குமா?

கோபி தோட்டக்காரன்:
வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டம். அப்பாரு காலத்திலிருந்து மஞ்சளும் கரும்பும் பக்கத்துத் தோட்டத்து வண்டித்தடத்தில் போய், இட்டேரியைப் (வேலிகளுக்கு நடுவே போகும் ஊர்ப்பாதை) பிடித்துத்தான் ரோட்டுக்கு வரும். தடத்தை முள் போட்டு அடைத்ததால் வழக்குப் போட்டோம். முன்சீப் கோர்ட் வக்கீல் கமிஷனரை அனுப்பி அளந்து பார்த்து எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. எதிர்த்தரப்பு அப்பீல் போனதில் சப் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது. 'வாய்க்கால் கரையில் மாற்றுவழி இருக்கிறது' என்று காரணம். அந்தக் கரையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனாலே மண் சரியும்! ஹைகோர்ட் போனால் மறுபடி ஆள் அனுப்பிப் பார்ப்பார்களா? எங்கள் ஐயன் (அப்பா) சொன்ன சாட்சியை மறுபடி கேட்பார்களா?

பவானி வக்கீல்:
இல்லைங்க. அந்த எதிர்பார்ப்போடு சென்னைக்கு பஸ் ஏற வேண்டாம். சாட்சியத்தை முழுதாக எடைபோட்டுப் பார்க்கும் கடைசி இடம் பொதுவாக முதல் அப்பீல்தான், அதாவது உங்கள் சப் கோர்ட். இரண்டாம் அப்பீலுக்கு சிவில் நடைமுறைச் சட்டம் 100-ஆம் பிரிவு. 1976 திருத்தத்துக்குப் பிறகு முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் ஹைகோர்ட் விசாரிக்கும். அந்தக் கேள்வியை அப்பீல் மனுவிலேயே தெளிவாக எழுத வேண்டும். 'சப் கோர்ட் தப்பாக நம்பிவிட்டது' என்பது மட்டும் போதாது.

ஆனால் உங்களிடம் விஷயம் இருக்கிற மாதிரித் தெரிகிறது. பிராதில் (வழக்கு மனுவில்) வேறு வழியில்லை என்ற அவசியத்தின் பேரில் தடம் கேட்டீர்களா, 20 வருசத்துக்கு மேல் இடைவிடாமல் அனுபவித்த உரிமையாகக் கேட்டீர்களா? மாற்றுவழி இருக்கிறதா என்ற கேள்வி அவசியத் தடத்துக்குத்தான். அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள தடம் போன்ற உரிமைகளைச் சொல்லும் 1882 ஈஸ்மென்ட் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி நீண்ட கால அனுபவத்தில் வந்த உரிமை, வேறு வழி இருக்கிறது என்பதற்காகப் போய்விடாது. இரண்டும் கேட்டிருந்து சப் கோர்ட் ஒன்றை மட்டும் பார்த்திருந்தால், அது சட்டக் கேள்விதான்.

கரூர் வாசகர்:
அண்ணா, ஹைகோர்ட்டுக்குத்தான் கீழ்க் கோர்ட்டுகள் மேல் கண்காணிப்பு அதிகாரம் இருக்கிறதே? அரசியலமைப்பு 227-ஆம் பிரிவில் நேராகப் போய்விட்டால்?

பவானி வக்கீல்:
தம்பி, 227 கீழ்க் கோர்ட் தன் அதிகார எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்க்கத்தான். தீர்ப்பில் சாதாரணத் தவறு இருக்கிறது என்பதற்காக அதை அப்பீல் போல் பயன்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது. இங்கே இரண்டாம் அப்பீல் என்ற நேர்வழியே திறந்திருக்கிறது.

ரிட்டையர்டு கோர்ட் எழுத்தர்:
கோபித் தம்பி, கமிஷனர் அறிக்கை சி1 என்று குறியீடாகியிருக்கும். சப் கோர்ட் தீர்ப்பில் சி1 என்ற எழுத்து வருகிறதா என்று விரல் வைத்துத் தேடிப் பாருங்கள். கீழ்த் தீர்ப்பை மாற்றும் முதல் அப்பீல் கோர்ட், விசாரணை நீதிமன்றம் சொன்ன காரணங்களை நேரடியாக எடுத்துப் பேசி, ஏன் ஏற்கவில்லை என்று சொல்ல வேண்டும். 2001-இல் சந்தோஷ் ஹசாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. முக்கிய ஆவணத்தைத் தொடாமலே முடிவெடுத்திருந்தால் ஹைகோர்ட் தலையிட இடமுண்டு. பதிவில் இருக்கிற சாட்சியம் போதுமென்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 103-ஆம் பிரிவில் அங்கேயே முடிவு சொல்லலாம், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பலாம்.

அப்புறம் இரண்டாம் அப்பீல் போடக் கெடு 90 நாள். நகல் மனு போட்டு நகல் தயாராகப் பிடித்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். தீர்ப்பு நகலும் டிகிரி (தீர்ப்பாணை) நகலும் கையில் இருக்கட்டும். அப்பீல் போட்டதாலேயே சப் கோர்ட் தீர்ப்புக்குத் தடை வந்துவிடாது, அதற்குத் தனி மனு வேண்டும்.

கோபி தோட்டக்காரன்:
ரொம்ப நன்றிங்க. ராத்திரி ஐயனோடு உட்கார்ந்து இரண்டு தீர்ப்பையும் வரி வரியாகப் படித்தேன். சப் கோர்ட் தீர்ப்பின் 11 பக்கங்களிலும் சி1 ஒரு இடத்தில்கூட இல்லை. அறிக்கையிலோ 'மேற்குக் கரை மூன்றடி அகலம், வண்டி செல்ல இயலாது' என்று கமிஷனர் எழுதியிருக்கிறார். பிராதில் இரண்டு உரிமையுமே கேட்டிருக்கிறோம். தீர்ப்பு வந்து 52 நாள் ஆகிறது. அறிக்கையிலும் பிராதிலும் அந்தந்தப் பக்கத்தில் அடையாளச் சீட்டு வைத்துவிட்டேன், திங்கட்கிழமை வக்கீலிடம் கொண்டு போகிறேன்.