டிப்ளமசி: அடி வாங்குகிறவர் திருப்பி அடித்தால் சப்போர்ட் கட் ஆகுமா?

கேள்வி:
டிப்ளமசியில் (ஐரோப்பா வரைபடத்தின் மேல் ஆடும் போர்ப் பலகை விளையாட்டு) ஒரு ஆர்டரை, அதாவது ஆர்மிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளையை, வைத்துத் தகராறு. ஆட்டம் அப்படியே நிற்கிறது, யாராவது தீர்த்து வையுங்கள்.

ஜெர்மனி ரூரிலிருந்து பர்கண்டியை அடிக்கிறது. மியூனிக்கில் இருக்கும் ஜெர்மன் ஆர்மி அதற்கு சப்போர்ட், அதாவது நகராமல் நின்று தன் பலத்தைச் சேர்க்கிறது. பிரான்ஸின் பர்கண்டி ஆர்மி அதே சுற்றில் மியூனிக்கை அடிக்கிறது. பாரிஸ் ஆர்மி, பர்கண்டி நிலைத்து நிற்க சப்போர்ட் எழுதியிருக்கிறது. "சப்போர்ட் கொடுக்கும் ஆர்மியை அடித்தால் சப்போர்ட் கட் (செல்லாது)" என்று பிரான்ஸ் ஆடுபவர் பிடிவாதமாக நிற்கிறார். அப்படியானால் அடி வாங்கப்போகிற எல்லோரும் திருப்பி அடித்தே தப்பிவிடலாமே?

பதில் 1:
கட் ஆகாது. அந்த விதிக்கு விலக்கு உண்டு. எந்த இடத்தை அடிப்பதற்காக சப்போர்ட் கொடுக்கப்படுகிறதோ, அந்த இடத்திலிருந்தே வரும் அடி அதை கட் செய்யாது. இங்கே அடி விழுவது பர்கண்டியில். மியூனிக்கை அடிப்பதும் பர்கண்டிதான். ஆகவே ரூரின் பலம் 2 (தன்னுடையது 1, மியூனிக் சப்போர்ட் 1). இதே அடி டைரோலியாவில் இருக்கும் இத்தாலி ஆர்மியிடமிருந்து வந்திருந்தால், 1க்கு 1 என்று அது தோற்றாலும் சப்போர்ட் போயிருக்கும்.

பதில் 2:
பாரிஸை மறந்துவிட்டீர்களே. பர்கண்டிக்கும் பலம் 2தானே? 2க்கு 2, ரூர் உள்ளே வர முடியாது.

பதில் 1:
இல்லை நண்பரே. நகரும்படி ஆர்டர் எழுதிய ஆர்மிக்கு, நிலைத்து நிற்பதற்கான சப்போர்ட் செல்லாது. நகர்வு தோற்று அங்கேயே நின்றுவிட்டாலும் செல்லாது. அதனால் பர்கண்டி வெறும் 1, துரத்தப்படுகிறது. பர்கண்டியைப் பேசாமல் நிற்க வைத்திருந்தால் பாரிஸ் காப்பாற்றியிருக்கும். பிரான்ஸ் இழந்தது இங்கேதான்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. அப்புறம் இன்னொன்று. டைரோலியாவில் இருக்கும் இத்தாலி ஆர்மி, பர்கண்டி மியூனிக்குக்குப் போக சப்போர்ட் கொடுத்தால்?

பதில் 3:
அப்போது முடிவே மாறும். பர்கண்டி 2, மியூனிக் 1. மியூனிக் ஆர்மி துரத்தப்படுகிறது. துரத்தப்பட்ட ஆர்மி கொடுத்த சப்போர்ட், அடி எங்கிருந்து வந்தாலும் கட்தான். மேலே சொன்ன விலக்கு இங்கே உதவாது.

ஆனாலும் பர்கண்டி காலியாகிவிட்டதால் ரூர் 1 பலத்தோடேயே உள்ளே போய்விடும். பிரான்ஸ் உஷாராக பாரிஸைப் பர்கண்டிக்கு நகர்த்தியிருந்தால் கதை வேறு: 1க்கு 1, இரண்டும் போக முடியாது, பர்கண்டி காலியாகவே கிடக்கும். சப்போர்ட் கட் ஆனதன் பலன் அப்போதுதான் தெரியும்.

அந்த நிலையில் மியூனிக் ஆர்மி எங்கே பின்வாங்கலாம் என்று அடுத்த சண்டை வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். பர்கண்டி காலியாக இருந்தாலும் அங்கே போக முடியாது. அடித்தவர் வந்த இடம் அது, மோதல் சமனில் முடிந்த இடமும் அதுவே. ரூரிலும் டைரோலியாவிலும் ஆள் இருக்கிறது. கீல், பெர்லின், சைலீசியா, பொஹீமியா ஆகியவற்றில் காலியாக இருப்பதற்குப் போகலாம். எதுவுமே காலியில்லை என்றால் அந்த ஆர்மியைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.