புதினா எண்ணெயை வயிற்றுவலிக்குக் குடிக்கலாமா?

வைகைக்கரை:
வீட்டுக்காரருக்கு ரொம்ப நாளாக வயிற்று உப்புசமும் வலியும், டாக்டர் எல்லா டெஸ்டும் பார்த்துவிட்டு ஐபிஎஸ் (IBS, குடல் எளிதில் இறுகி வலியும் உப்புசமும் தரும் கோளாறு) என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா புதினா எண்ணெயை வெந்நீரில் ரெண்டு சொட்டு விட்டுக் குடிக்கச் சொன்னார். நாட்டு மருந்துக்கடையில் வாங்கியாச்சு, மூடியைத் திறந்தாலே கண் எரிகிறது. கொடுக்கலாமா? கைக்குழந்தைக்கும் சளி, நெஞ்சில் தடவலாமா?

மாத்திரைக்காரன்:
குழந்தைக்கு வேண்டவே வேண்டாம் அக்கா. ரெண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் மூக்குப் பக்கம் இந்த எண்ணெயில் இருக்கும் மெந்தால் போனால் தொண்டை இறுகி மூச்சே தடைபடலாம்.

ஐபிஎஸ்ஸுக்குக் கேட்கும் என்பது உண்மைதான், குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால் அதற்குக் கொடுப்பது இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைகிற கேப்ஸ்யூல், ஒன்றில் 0.2 மில்லி, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். வெந்நீரில் விட்டால் எண்ணெய் கலக்காமல் மேலே மிதக்கும், வாயும் தொண்டையும்தான் எரியும், உணவுக்குழாயின் கீழ்வாயும் தளர்ந்து நெஞ்செரிச்சல் வரும். கேப்ஸ்யூலைக் கடித்தாலும், கூடவே ஆன்டாசிட் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து) குடித்தாலும் அதே கதைதான்.

பச்சிலை:
லேபிளைப் பாருங்க. நம்ம ஊரில் விற்பது பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி, சம்பல் பக்கம் விளையும் மெந்தா ஆர்வென்சிஸ் என்ற புதினா வகையின் எண்ணெய். மெந்தால் பிரிக்காத எண்ணெய் என்றால் அதில் மெந்தால் மட்டுமே 70 சதவீதத்துக்கு மேல். கேப்ஸ்யூலில் இருக்கும் பெப்பர்மின்ட் எண்ணெயில் 30 முதல் 55 வரைதான். சட்னிப் புதினா இன்னொரு ரகம், அதன் வாசனை கார்வோன் என்ற வேறொரு பொருளால் வருவது, மெந்தால் பேருக்குத்தான். அதனால் ‘இலையைத் தின்கிறோமே, எண்ணெய் என்ன செய்யும்’ என்று அந்த அக்கா சொன்னால் நம்பாதீங்க.

தலைவலிமன்னன்:
பாட்டிலைக் கொட்டிவிடாதீங்க, தலைவலிக்கு ஆகும். டென்ஷன் தலைவலிக்கு 10 சதவீதக் கரைசலை நெற்றியில் தடவிப் பார்த்த ஜெர்மன் ஆய்வில் பாராசிட்டமால் அளவுக்குப் பலன் கிடைத்தது. நான் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் அஞ்சாறு சொட்டு கலந்து பொட்டில் தடவுவேன், கண்ணில் மட்டும் படக்கூடாது. தடவின கையோடு குழந்தையைத் தூக்காதீங்க. மூக்கடைப்புக்கு முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும், குளிர்ச்சியை உணர்கிற நரம்பைத் தூண்டுவதால் வரும் உணர்வு அது, அடைப்பு அப்படியேதான் இருக்கும்.

வைகைக்கரை:
ராத்திரியில் அவருக்கு எதுக்களிப்பும் உண்டு. அப்போ கேப்ஸ்யூல்?

மாத்திரைக்காரன்:
அப்படியென்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீங்க அக்கா. பித்தப்பையில் கல் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்க. குழந்தைக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும், மூச்சு வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு போங்க.