காலிஃபிளவர் பீட்சா பேஸ் நடுவில் வேகவில்லை, உடைகிறது

குன்னூர்வாசி:
வீட்டில் சர்க்கரைக்காரர் இருப்பதால் மைதாவுக்குப் பதில் காலிஃபிளவரில் பீட்சா பேஸ் போடுகிறேன். பூவைத் துருவி, 5 நிமிடம் ஆவியில் வேகவைத்து, முட்டையும் சீஸும் பிசைந்து, ஓ.டி.ஜி. ஓவனில் 180 டிகிரி, 20 நிமிடம். மேலே சிவக்கிறது, நடுவில் சொதசொதவென்று இருக்கிறது. எடுத்தால் உடைகிறது. மாவு கூட்டினால் சரியாகுமா?

கோத்தகிரி அடுப்படி:
மாவைக் கூட்டாதீங்க, தண்ணியைக் குறைங்க. காலிஃபிளவர்ல நூத்துக்கு 92 பங்கு தண்ணிதான். குன்னூர் உயரத்துல தண்ணி 94 டிகிரி வாக்கிலேயே கொதிச்சிடும், ஆவிக்கும் அவ்வளவுதான் சூடு. அதனால 8 நிமிஷம் வைங்க. அரைவேக்காட்டுப் பூ துணியில தண்ணி விடாது, ஓவனுக்குள்ள போனப்புறம்தான் விடும். உங்களுக்கு நடக்கிறது அதுதான்.

வெந்ததைத் தட்டுல பரப்பி ஆறவிடுங்க, மூடாதீங்க. பழைய வேட்டித் துணியில கட்டி ரெண்டு தடவை முறுக்கிப் பிழியுங்க. 600 கிராம் துருவலுக்கு ஒரு டம்ளராவது வடியணும். அதைக் கொட்டாம சாம்பார்ல ஊத்திக்கலாம். பிழிஞ்சதைக் கையில பிடிச்சா கொழுக்கட்டை மாதிரி நிக்கணும்.

இதுக்கு முட்டை 1, துருவின சீஸ் 50 கிராம், கடலை மாவு 3 மேசைக்கரண்டி, மிளகுத்தூள், நசுக்கின மலைப்பூண்டு 2 பல். உப்பு தட்டுறதுக்கு முன்னாடி கடைசியா. சீக்கிரம் போட்டா மறுபடி தண்ணி விடும். சீஸை அள்ளிப் போட்டா நல்லா பிடிக்கும், ஆனா மைதாவை விட்டதுக்கே அர்த்தமில்லாம கொழுப்பும் உப்பும் ஏறிடும்.

ஓவனை 220 டிகிரியில 15 நிமிஷம் முன்சூடு பண்ணுங்க. எண்ணெய் தடவின பட்டர் பேப்பர்ல 8 அங்குலத்துக்கு ரெண்டு வட்டம், முக்கால் செ.மீ. கனத்துக்கு மேல வேண்டாம். ஓரத்தைக் கொஞ்சம் தடிமனா விடுங்க, இல்லேன்னா கருகிடும். 20 நிமிஷம், திருப்பிப் போட்டு 7 நிமிஷம். அப்புறம்தான் சாஸ்.

மேல்மலை சமையல்:
அக்கா சொன்னது சரி. பேஸ் நல்லா வந்தும் மேலே போடுறது கெடுக்கும். தக்காளியைத் தொக்குப் பதத்துக்குச் சுண்டவிட்டு, ஒரு வட்டத்துக்கு 2 கரண்டி மட்டும் தடவுங்க. காளான், குடைமிளகாயை வாணலியில ஈரம் போக வதக்கிப் போடுங்க. பிறகு 6 நிமிஷம் போதும்.

முட்டை வேண்டாம்னா ஆளி விதைப் பொடி 1 மேசைக்கரண்டியை 3 மேசைக்கரண்டி தண்ணியில 10 நிமிஷம் ஊறவிடுங்க. பிடிப்பு குறைவு, அதனால 6 அங்குலத்துக்குள்ள தட்டுங்க.

குன்னூர்வாசி:
பாதிக்குப் பாதி ஊட்டி கேரட் சேர்க்கலாமா?

கோத்தகிரி அடுப்படி:
சேர்க்கலாம், மூணுல ஒரு பங்கு வரைக்கும். வேகவைக்காதீங்க; துருவி, உப்புப் பிசறி 10 நிமிஷம் வெச்சுப் பிழிஞ்சா போதும். அந்த உப்பைக் கணக்குல கழிச்சுக்குங்க. கேரட்ல இனிப்பு உண்டு, சீக்கிரம் கருகும்; 200 டிகிரியில வைங்க.