சலித்து உட்கார்ந்தால் படம் வருமா?

பாம்பன்_தூரிகை:
சிறுவர் நூல்களுக்குப் படம் வரைகிறேன். ஆவுளியா என்ற கடற்பசு கடலடியில் புல் மேயும் ஒரு பக்கம் மூன்று வாரமாக நின்றுபோயிருந்தது. எத்தனை புகைப்படம் பார்த்து வரைந்தாலும் கொழுத்த மீன் போலவே வந்தது. வெறுத்துப்போய், செல்பேசியை வீட்டில் போட்டுவிட்டு மண்டபம் கரையில் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். ஊசி போவதையும் வருவதையும் பார்த்துப் பார்த்துச் சலித்து, கண் செருகியது. அப்போது கடலடி தெரிந்தது: முதுகுளத்தூர்ப் பக்கம் அம்மா ஊரில் முதல் மழைக்கு உழுத மானாவாரி வயல் மாதிரி, சால் சாலாக. ஆவுளியா புல்லை வேரோடு பிடுங்கித் தின்பதால் தரையில் தடம் விழும். வரைய வேண்டியது அந்தத் தடத்தைத்தான்! அன்று மாலையே பக்கம் முடிந்தது. சலிப்பைத் துரத்தாதீர்கள்.

தொண்டி_மகள்:
ஒத்துக்கொள்ள முடியவில்லை அண்ணே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. என் அப்பாவும் கரையில்தான் உட்கார்ந்திருப்பார். நிவாரணம் 8,000 ரூபாய். வட்டிக்காரர் வாசலுக்கே வந்துவிடுவார். தூக்கமே வராதவருக்குக் கனவு எங்கே வரும்? நானும் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவள்தான். விடிந்தால் அச்சுக்குப் போகணும் என்றால் கை தானாக ஓடும். சும்மா இருக்கக் கையில் காசு வேண்டும்.

கீழக்கரை_வாசகன்:
ஓவியர் சல்வடோர் தாலி கையில் சாவியோடு கண்ணயர்வார். அது தட்டில் விழும் சத்தத்தில் எழுந்து வரைவார். 2021இல் வெளியான ஒரு பாரிஸ் ஆய்வில் இதைச் சோதித்தார்கள். எண் கணக்கு ஒன்றைக் கொடுத்து, நடுவில் ஓய்வெடுக்க விட்டார்கள். 15 விநாடியாவது அரைத்தூக்கத்தில் இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் மறைந்திருந்த சூத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். ஆழ்ந்து தூங்கியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

தொண்டி_மகள்:
அதிலேயே பதில் இருக்கிறதே. கணக்கோடு மல்லுக்கட்டிய பிறகுதானே கண்ணை மூடினார்கள்? அண்ணே, மூன்று வாரம் நீங்கள் பட்ட பாடுதான் அந்தப் படம். பேரைக் கொண்டுபோய்க் கனவுக்குக் கொடுக்கிறீர்கள்.

பாம்பன்_தூரிகை:
வட்டி பற்றிச் சொன்னது உறைத்தது. கவலையோடு உட்கார்ந்திருப்பது வேறு. அதையும் சலிப்போடு சேர்த்துப் பேசியது என் தப்பு. ஆனால் பாடு மட்டும்தான் என்றால் மனம் ஒப்பவில்லை. தடத்தின் புகைப்படம் மேசையிலேயே கிடந்தது. வயலைச் சின்ன வயதிலிருந்து தெரியும். கை ஓய்ந்த பிறகுதானே இரண்டும் சேர்ந்தன? அவசரத்தில் ஓடும் கை ஏற்கனவே தெரிந்த பிள்ளையாரைத்தான் வரையும்.

தொண்டி_மகள்:
அந்தப் பிள்ளையாருக்கே புதுசாக ஒரு கண் வைத்திருக்கிறேன், இரவு இரண்டு மணி அவசரத்தில். சரி, படத்தைப் போடுங்கள். அப்பா முன்பு சங்கு குளித்தவர், அடித்தரை பார்த்தவர்.

பாம்பன்_தூரிகை:
போட்டுவிட்டேன்.

தொண்டி_மகள்:
அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். தடம் ஏர் ஓட்டினது போல இவ்வளவு நேராக இருக்காதாம். வளைந்து வளைந்து போகுமாம், இடையிடையே புல் மிச்சம் நிற்குமாம்.

பாம்பன்_தூரிகை:
அப்படியானால் நாளைக்கே மாற்றி வரைகிறேன். தடம் எவ்வளவு அகலம் இருக்கும் என்று மட்டும் கேட்டுச் சொல்லும்மா.