காஸ்ட் பிளஸ் ஒப்பந்தத்தை மாற்றி எழுதுகிறோம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, கோவைப் பக்கம் தனி வீடுகள் கட்டிக் கொடுக்கிறோம். சதுர அடி ரேட் இல்லை, ஆகும் செலவோடு 12 சதவீதம் சேர்த்து வாங்கும் காஸ்ட் பிளஸ் முறை. கையில் இருக்கும் ஒப்பந்த மாதிரியில் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம் என்றே இருக்கிறது, 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகிவிட்டது. எண்ணை மாற்றுவது பெரிய வேலை இல்லை. நம் சதவீதத்தை வரி சேர்த்த பில் தொகைக்குப் போடுவதா, வரிக்கு முந்தைய விலைக்கா என்பதில்தான் இழுபறி. வரிக்கு முந்தைய விலைக்குப் போடுவதே நியாயம் என்கிறேன், பார்ட்னர் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம், நம்முடைய சொந்த சென்ட்ரிங் சாமான்களுக்கு (கான்கிரீட் போடும்போது தாங்கும் பலகை, முட்டு) வாடகை போடலாமா? சைட் சூப்பர்வைசர் சம்பளம் செலவில் வருமா, நம் சதவீதத்துக்குள் அடங்குமா? டைல்ஸை வீட்டுக்காரரே நேரடியாக வாங்கி இறக்கினால் அதற்கும் சதவீதம் கேட்கிறீர்களா?

இப்போது வருகிறவர்கள் மொத்தச் செலவுக்கு ஒரு உச்சவரம்பு கேட்கிறார்கள், எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் செயற்கை மணல்) விலை போகும் போக்கில் அதை எழுதிக் கொடுக்கவே பயமாக இருக்கிறது, விலையேற்றத்தையும் இடையில் கேட்கும் கூடுதல் வேலைகளையும் அதிலிருந்து விலக்கி யாராவது எழுதியிருந்தால் அந்த ஒரு பத்தியை மட்டும், பெயர் விவரங்களை எடுத்துவிட்டு, இங்கே போடுங்கள். அடுத்த வாரம் வக்கீலிடம் கொடுக்க வேண்டும்.