கடைசித் தவணை கட்டியாச்சு, வீடு யார் பேரில்? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

முகப்பேர்க்காரன்:

அப்பா போன பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பீரோ மேலே இருந்த மஞ்சப்பையை இறக்கினோம். உள்ளே 1986-ல் வீட்டு வசதி வாரியத்திலிருந்து வந்த ஒதுக்கீட்டு ஆணை, எழுத்து பாதி போன தவணை ரசீதுகள், ரப்பர் பேண்டு உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்ட ஒரு கட்டு. கடைசி ரசீது 1999. அதற்கு மேல் எதுவும் இல்லை. விற்பனைப் பத்திரம் எங்கேயாவது இருக்கும் என்று நானும் அக்காவும் இரண்டு நாள் வீட்டைப் புரட்டிப் போட்டோம். அம்மா சமையலறையிலிருந்தே சொன்னாள்: "அவர் வாங்கவே இல்லடா. பணம் கட்டி முடிச்சாச்சு, இனி யார் வந்து கேக்கப் போறான்னாரு."

யாரும் கேட்கவில்லைதான். சொத்து வரி அப்பா பெயரில், ஈ.பி. கார்டு அப்பா பெயரில். ஆனால் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் எங்கள் மனைக்கு அப்பா பெயரில் ஒரு பதிவும் இல்லை. வீட்டு வசதி வாரியத்தின் தவணை முறை ஒதுக்கீட்டில் முதலில் போடுவது குத்தகையும் விற்பனையும் சேர்ந்த ஒப்பந்தம். தவணை ஓடும் வரை நாம் ஒதுக்கீட்டாளர், அவ்வளவுதான். முழுத்தொகையும் கட்டி, பாக்கி இல்லை என்று கணக்கு முடித்து, வாரியம் எழுதித் தரும் விற்பனைப் பத்திரத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் வீடு நம்முடையது. இத்தனை வருஷம் நாங்கள் சுண்ணாம்பு அடித்து, மேலே ஒரு அறையும் எடுத்துக் கட்டிய வீடு காகிதத்தில் எங்களுடையது இல்லை.

முதல் தடவை வாரிய அலுவலகத்துக்கு இறப்புச் சான்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். வாரிசுச் சான்று எங்கே என்றார்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிந்து தாசில்தார் கையெழுத்தோடு வந்தது. இரண்டாம் தடவை அதோடு போனேன். இருக்கையில் இருந்த அலுவலர் அம்மா மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா மூடியால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக் காட்டினார். ஒதுக்கீட்டு ஆணையில் அப்பாவுக்கு ஒரு இனிஷியல். இறப்புச் சான்றில் இரண்டு. வாரிசுச் சான்றில் இனிஷியலே இல்லை. "தம்பி, இவங்க மூணு பேரும் யாரு?" என்றார். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. இறப்பைப் பதிவு செய்தபோது படிவத்தை நிரப்பிக் கொடுத்தவனே நான்தான்.

மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம், அம்மா பெயருக்கு ஒதுக்கீட்டை மாற்ற எனக்கும் அக்காவுக்கும் ஆட்சேபணை இல்லை என்று இன்னொரு பத்திரம். இப்போது கோப்பு உள்ளே இருக்கிறது. இதே மாதிரி அலைந்தவர்கள் சொல்லுங்கள், எவ்வளவு நாள் ஆனது?

பழையகோப்பு:

தம்பி, நான் 31 வருஷம் அரசு அலுவலகத்தில் இருக்கையில் உட்கார்ந்தவன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். எவ்வளவு நாள் என்று கேட்காதீர்கள், உங்கள் கோப்பு இப்போது எந்த இருக்கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

வெளியே இருப்பவர்கள் மனுவை அதிகாரியிடம் கொடுத்தால் அதிகாரி படித்து முடிவு செய்வார் என்று நினைக்கிறார்கள். மனு முதலில் போவது தபால் பிரிவுக்கு. அங்கே முத்திரை, தேதி, எண். பிறகு பிரிவுக்கு வந்து தன்பதிவேட்டில், அதாவது அந்த இருக்கைக்கு வரும் கடிதங்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டில் ஏறும். அப்போதுதான் ந.க.எண், அதாவது கோப்பின் எண் பிறக்கிறது. பதில் கடிதத்தின் தலையில் ஆ2, பிறகு ஒரு எண், பிறகு வருஷம் என்று இருக்கும். ஆ என்பது பிரிவு, 2 என்பது அந்தப் பிரிவில் ஒருவருடைய இருக்கை. உதவியாளர் குறிப்பு எழுதுவார், கண்காணிப்பாளர் பார்ப்பார், வாரியத்தின் கோட்ட அலுவலகம் என்றால் செயற்பொறியாளர் மற்றும் நிர்வாக அலுவலர் வரை போகும். ஒரே ஆளுக்கு இரண்டு பதவிப் பெயர் ஏன் என்று கேட்பார்கள். கட்டுகிறவரும் அவர்தான், ஒதுக்கீட்டையும் வசூலையும் பார்க்கிறவரும் அவர்தான்.

எழுதி வைத்த குறிப்புதான் எல்லாம். மேலே இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, குறிப்பைத்தான் பார்க்கிறார். உதவியாளர் "இனிஷியல் முரண்பாடு உள்ளது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் மேலே யாரும் அதைத் தாண்டிக் கையெழுத்துப் போட மாட்டார்கள். அந்த அம்மா உங்களை உட்காரவைத்துச் சொன்னது நல்லதுக்குத்தான்.

இன்னொன்று. பதில் வந்தால் எண்ணுக்கு முன்னால் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஓராண்டு முடிவு, மூவாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு. அந்தக் கோப்பை எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்பதற்கான குறி அது. ஓ.மு. போட்டு வந்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு வருஷம் கழித்து "என் பழைய மனு என்ன ஆச்சு" என்று வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். நானே ஒரு தடவை ப.மு. போட வேண்டியதற்கு மூ.மு. போட்டுவிட்டேன். அந்தப் பெரியவர் மறுபடி எல்லா நகலையும் கொண்டுவர வேண்டியதாயிற்று. ரிட்டயர் ஆகியும் அது மறக்கவில்லை.

மூணாவதுமாடி:

எங்க கதை வேற. கூவம் கரையில இருந்தோம், 2015 வெள்ளத்துக்கு அப்புறம் பெரும்பாக்கத்துக்கு மாத்துனாங்க. எட்டு மாடி பிளாக்கு. அப்ப குடிசை மாற்று வாரியம்னு பேரு, 2021-ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு மாத்திட்டாங்க. ஆட்டோக்காரன் கிட்ட இன்னிக்கும் "அவுசிங் போர்டு"னு சொன்னாத்தான் வருவான்.

வாரியம்தான் எல்லாம்னு நெனச்சி எதுக்கெடுத்தாலும் அங்கயே போய் நின்னேன். தண்ணி வரலன்னாலும் அங்க, ரேஷன் கார்டுல அட்ரஸ் மாத்தவும் அங்க, கரண்ட் பில்லுக்கும் அங்க. ஒரு நாள் பக்கத்து பிளாக் அக்கா ஒக்கார வெச்சி சொல்லுச்சி: ஒதுக்கீடு, கட்டடம், லிப்ட்டுன்னா வாரியம். கரண்ட்டுன்னா மின்வாரியம். ரேஷன் கார்டுன்னா உணவு வழங்கல் ஆபீஸ். எது எங்கன்னு புரியவே எனக்கு ஆறு மாசம் ஆச்சு. வீட்டு வேலைக்குப் போற ஆளு நானு. ஒரு ஆபீசுக்கு ஒரு நாளுன்னா ஒரு நாள் சம்பளம் போச்சு. பழைய எடத்துல நடந்து போன வேலைக்கு இப்ப இருபது கிலோமீட்டருக்கு மேல ரெண்டு பஸ்சு.

ஒண்ணு மட்டும் நல்லது. ஒதுக்கீட்டு ஆணையில எம்பேரு. எங்க வீட்டுக்காரர் ஒரு தடவ கோவத்துல "வீட்ட விட்டு வெளிய போடி"ன்னாரு. நா ஆணைய எடுத்து டேபிள் மேல வெச்சேன். சட்டையப் போட்டுக்கிட்டு அவருதான் டீக்கடைக்குப் போனாரு.

வைகைக்கரை:

அக்கா, கடைசி வரிக்கு ஒரு கும்பிடு.

நம்ம கதை சின்னது. அப்பா கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தில் கடன் வாங்கி, முழுசா அடைச்சு, அசல் பத்திரத்தையும் திரும்ப வாங்கிட்டார். ஆனா அடமானம் தீர்ந்ததுக்கான ரசீதைப் பதிவு பண்ணல. தங்கச்சி கல்யாணத்துக்கு வங்கியில கடன் கேட்டப்ப வில்லங்கத்துல அந்தப் பழைய அடமானம் அப்படியே நிக்குது. பத்திரம் பீரோவுல இருக்கு, கடன் பதிவேட்டுல இருக்கு. அடமான ரசீது பதிவு ஒண்ணுதான் வழி. கடன் முடிச்சவங்க எல்லாரும் இன்னிக்கே வில்லங்கம் போட்டுப் பாத்துக்கோங்க.

அண்ணாநகர்பழசு:

எங்களுக்கு ஒதுக்கீட்டு ஆணையில் "தற்காலிக விலை" என்று போட்டிருந்தது. அப்பா அந்த வார்த்தையைக் கவனிக்கவே இல்லை. தவணை முடியும் நேரத்தில் நில மதிப்பில் வித்தியாசத் தொகை என்று பெரிய நோட்டீஸ். அதற்கு வட்டி வேறு. இது எப்படி நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பழையகோப்பு ஐயா விளக்கினால் நல்லது.

பழையகோப்பு:

உங்கள் கோபம் நியாயம்தான். காரணம் மட்டும் சொல்கிறேன். வாரியத்தின் பல மனைகள் 1894-ம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தின்படி விவசாயிகளிடமிருந்து எடுத்தவை. கொடுத்த இழப்பீடு குறைவு என்று நிலம் கொடுத்தவர்கள் நீதிமன்றம் போவார்கள். கீழ்க்கோர்ட், ஹைகோர்ட் என்று வழக்கு பல வருஷம் இழுக்கும். கடைசியில் கூடுதல் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தால், அந்தப் பணம் நிலத்தின் விலையில் ஏறும். வீடு கட்டிக் குடியேறியவர் தலையில் அது விழுகிறது. நிலம் கொடுத்தவருக்கும் நியாயம் வேண்டும், தவணை கட்டியவருக்கும் வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் தீர்க்கப் பார்த்ததுதான் கோளாறு என்பது என் எண்ணம். மொத்தமாகக் கட்டுகிறவர்களுக்கு வட்டித் தள்ளுபடி என்று அரசு அவ்வப்போது அறிவிக்கும். அந்த மாதிரி ஒரு அறிவிப்பு வரும்போது உங்கள் கணக்கு விவரம் கையில் தயாராக இருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு எழுதி, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தத் தீர்ப்பின்படி என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன்" என்று கேட்காதீர்கள், "எந்த ஆவணம், அதன் நகல்" என்று கேளுங்கள்.

முகப்பேர்க்காரன்:

தகவல் சொல்ல வந்தேன். ஐயா சொன்னபடி "கோப்பு எந்த இருக்கையில் இருக்கிறது" என்று கேட்டேன். ஆ4-லிருந்து கண்காணிப்பாளர் மேசைக்குப் போயிருந்தது. பதினொரு நாள் கழித்து அம்மா பெயருக்கு மாற்றி ஆணை வந்தது. போன வாரம் பத்திரம் பதிவு.

சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை எடுத்தபோது அம்மாவின் கட்டைவிரலைக் கருவி ஏற்கவே இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல். அங்கே இருந்த பையன் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னான், மூன்றாவது தடவைதான் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் பத்திரத்தை லாக்கரில் வைக்கலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. பழைய ரப்பர் பேண்டுத் துணுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மஞ்சப்பையில் ரசீதுகளுக்கு மேலே வைத்துக் கட்டினாள். நகல் என்னிடம் இருக்கிறது.

மூணாவதுமாடி:

தம்பி, அம்மா பேர்ல இனிஷியல் சரியா இருக்கான்னு பாத்தியா?

முகப்பேர்க்காரன்:

பார்த்தேன் அக்கா. நாலு தடவை.